சைக்காலஜி சேர்க்கப்போகும் பெற்றோருக்கு: நோட்டீஸை மடித்து வையுங்கள், பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்

நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து போன் ஓயவில்லை. என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகள் இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். இந்த வருஷம் புதுசாக ஒரு கேள்வி. "சார், பொண்ணு பி.எஸ்சி. சைக்காலஜிதான் படிப்பேன்னு நிக்கிறா. சேத்துவிடலாமா?" அதற்கு அடுத்த வரியாக எல்லோரும் ஒரே மாதிரி சொல்வது: "அதுல கணக்கு இல்லையாம்ல சார், அதான் அவளுக்குப் புடிச்சிருக்கு." 34 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனிடம் இதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு தைரியம்!

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை ஆசைப்பட்டால் படிக்கட்டும். நல்ல படிப்பு, நாட்டுக்கு அவசரமாகத் தேவைப்படும் படிப்பு. ஆனால் இன்று பல கல்லூரிகள் அதை விற்கும் விதம் ஏமாற்று வேலை. அதைப் பாடமாக அமைத்திருக்கும் விதம் பொறுப்பற்ற வேலை. இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் விற்பனை. பஸ் ஸ்டாண்டில் தொங்கும் பேனரைப் பாருங்கள். "உளவியல் நிபுணர் ஆகலாம், கவுன்சிலர் ஆகலாம், மருத்துவமனைகளில் வேலை" என்று போட்டிருக்கிறது. மூன்று வருஷப் பட்டத்தை வைத்துக்கொண்டு மருத்துவ உளவியலாளர் என்று பெயர்ப்பலகை மாட்ட முடியாது. 2017-ஆம் வருஷத்து மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஒப்புக்கொண்ட மருத்துவ உளவியல் தகுதி வேண்டும். அல்லது முதுகலை முடித்து, அதற்கு மேல் இரண்டு வருஷம் முழுநேரமாக, மேற்பார்வையில் நோயாளிகளோடு பயிற்சி பெற்ற எம்.ஃபில். வேண்டும். இளங்கலை 3, முதுகலை 2, அதற்கு மேல் 2. கூட்டிப் பாருங்கள், ஏழு வருஷம். எம்.ஃபில். என்ற பட்டமே நாட்டில் விடைபெற்றுக்கொண்டிருப்பதால் இந்தப் பாதையும் மாறிக்கொண்டிருக்கிறது. சேரும் முன் மறுவாழ்வு கவுன்சிலின் இணையதளத்தை நீங்களே திறந்து பாருங்கள். பேனர் அடித்தவர் இதில் ஒரு வரிகூடச் சொல்ல மாட்டார்.

இன்னொரு கணக்கு. 2021-இல் துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கென்று மத்திய அரசு ஒரு ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. அதன் அட்டவணையில் உளவியலாளரும் இருக்கிறார். அந்தச் சட்டப்படி சுகாதாரத் தொழில்முறையாளர் என்ற பெயருக்குப் பட்டப்படிப்பு 3600 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. நம் பக்கத்துக் கலைக் கல்லூரியில் என்ன நடக்கிறது? நாளைக்கு 5 மணி நேரம், செமஸ்டருக்கு 90 வேலை நாள், மொத்தம் ஆறு செமஸ்டர். 5 x 90 x 6 = 2700. இதில் முதல் நான்கு செமஸ்டர் தமிழும் ஆங்கிலமும் வாரத்துக்கு 12 மணி எடுத்துக்கொண்டால் 720 மணி போகும். மீதி 1980. அதிலும் துணைப்பாடம், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, திறன் மேம்பாடு என்று கழித்துக்கொண்டே வாருங்கள். மொழிப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். என் கேள்வி வேறு: சட்டம் கேட்கும் அளவில் பாதி நேரத்தில் உருவாகும் ஒருவரை "நிபுணர்" என்று எந்தக் கணக்கில் விற்கிறீர்கள்?

சிலர் சொல்வார்கள்: "வரலாறு படித்தவன் எல்லாம் வரலாற்று ஆசிரியரா ஆகிறான்? இதுவும் ஒரு பொதுப் பட்டம்தானே." நியாயமான வாதம். அப்படியே சொல்லி விற்றுவிடுங்கள், எனக்குச் சண்டையே இல்லை. "மனித மனம் பற்றிய அடிப்படைப் படிப்பு, இதை முடித்து மேலே படிக்கலாம், வங்கித் தேர்வு எழுதலாம், நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுக்குப் போகலாம்" என்று பேனரில் போடுங்கள். பணம் வாங்கும்போது நிபுணர், கேள்வி கேட்டால் பொதுப் பட்டம் என்றால் அது வியாபாரிப் பேச்சு.

இந்த ஏமாற்று எங்கே போய் முடிகிறது என்று ஒன்று சொல்கிறேன். என்னிடம் படித்த ஒருவரின் மகன், ஏழாம் வகுப்பு. அவன் படிக்கும் தனியார் பள்ளியில் "மூளைத்திறன் சோதனை" என்று ஐந்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு பையனின் பத்து விரல் ரேகையையும் எடுத்தார்கள். கலர் கலராக நாற்பது பக்க ரிப்போர்ட். கணக்குத் திறன் இத்தனை சதவீதம், அதனால் பிற்காலத்தில் அறிவியல் பிரிவு வேண்டாம் என்று எழுதியிருந்தது. அப்பா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கைரேகையை வைத்துப் புத்தியை அளக்கலாம் என்பதற்கு ஒரு அறிவியல் ஆதாரமும் கிடையாது. கிளி ஜோசியத்துக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றுதான், கிளிக்கு இரண்டு நெல் போட்டால் போதும். ரிப்போர்ட்டின் அடியில் ஒரு கையெழுத்து, பக்கத்தில் பி.எஸ்சி. சைக்காலஜி. அந்தப் பெண்ணிடம் பேசினேன். இருபத்திரண்டு வயது இருக்கும். "எனக்கே இது பொய்யின்னு தெரியும் சார். மாசம் ஒன்பதாயிரம் தர்றாங்க. படிச்ச படிப்புக்கு எங்க ஊர்ல இதுதான் கிடைச்சுது" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று வருஷம் பீஸ் வாங்கிக்கொண்டு அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர்கள் மேல் வந்தது.

இனி பாடத்திட்டம். கணக்கிலிருந்து தப்பிக்கச் சைக்காலஜி என்று நினைக்கும் அத்தனை பேருக்கும் இந்தப் பகுதி.

ஒரு பையனுக்கு நுண்ணறிவுச் சோதனை வைக்கிறார்கள். சராசரி 100, திட்டவிலக்கம் 15. அவன் 68 வாங்குகிறான். 70-க்குக் கீழே, ஆகவே அறிவுத்திறன் குறைபாடு என்று எழுதிவிடலாமா? எந்தச் சோதனையிலும் அளவீட்டுப் பிழை உண்டு. நம்பகத்தன்மை 0.91 உள்ள நல்ல சோதனை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1-இலிருந்து 0.91-ஐக் கழித்தால் 0.09, அதன் வர்க்கமூலம் 0.3, அதை 15-ஆல் பெருக்கினால் 4.5. இதுதான் அளவீட்டின் திட்டப்பிழை. 95 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டுமானால் இருபுறமும் ஏறக்குறைய 9 புள்ளி விட வேண்டும். அதாவது அந்தப் பையனின் உண்மையான மதிப்பு 59 முதல் 77 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதில்லை. அவன் சாப்பிடுவது, உடுத்துவது, கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கிவருவது எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். இந்த நாலு வரிக் கணக்கு தெரியாதவர் கையில் ஒரு குழந்தையின் சான்றிதழ் போனால் அதன் பள்ளிக்கூட வாழ்க்கையே திசைமாறிவிடும்.

இவ்வளவு முக்கியமான புள்ளியியலுக்கு எத்தனை தாள்? பல இடங்களில் ஒன்றே ஒன்று. அதையும் வேறு துறை ஆசிரியர் வந்து, உளவியலோடு சம்பந்தமே இல்லாத உதாரணங்களை வைத்து நடத்திவிட்டுப் போகிறார். பிள்ளைகள் பத்து மாதிரிக் கணக்கை மனப்பாடம் செய்து பாஸாகிறார்கள். நான் கேட்பது ஆறு செமஸ்டரில் மூன்றிலாவது புள்ளியியலும் ஆய்வு முறையும் இருக்க வேண்டும், உளவியல் தரவை வைத்தே நடத்த வேண்டும் என்பதுதான். கணக்கு பிடிக்காத பிள்ளை ஓடிவிடும் என்று கல்லூரிக்குப் பயம். ஓடட்டுமே. மருத்துவப் படிப்பில் ரத்தம் பிடிக்காது என்று சொன்னால் உடற்கூறியலை எடுத்துவிடுவார்களா?

இந்தத் துறைக்கே புள்ளியியல் ஒரு பெரிய பாடம் நடத்தியிருக்கிறது. 2015-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, பெயர்பெற்ற இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அதே முடிவு மறுபடி கிடைத்தது 40 சதவீதத்துக்கும் குறைவானவற்றில்தான். உலகமே தன் புத்தகத்தைத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது. இங்கே 1971-இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த சிறைச் சோதனையை, அதன் மேல் வந்த கடுமையான விமர்சனங்களில் ஒரு வார்த்தைகூட இல்லாமல், வேதவாக்குப் போல ஐந்து மார்க் கேள்விக்கு எழுதவைக்கிறோம்.

ப்ராக்டிகல் கதை அதைவிட மோசம். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கியது 1916-இல். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இல். எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ரெக்கார்டு நோட்டில் அதே முல்லர்-லயர் கோடு, அதே கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரைதல். அவற்றைக் குறை சொல்லவில்லை. சோதனை என்றால் என்ன என்று கற்க அவையும் வேண்டும். ஆனால் சீனியர் நோட்டைப் பார்த்து ஜூனியர் எழுத, எக்ஸ்டர்னல் வந்து கையெழுத்துப் போட்டுக் காபி குடித்துவிட்டுப் போக, யாரும் யாரையும் சோதிக்காமலேயே சோதனை முடிந்துவிடுகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டில் இருப்பதே போன வருஷத்துச் சுரைக்காய். இன்டர்ன்ஷிப் சான்றிதழும் காசு கொடுத்தால் வாட்ஸப்பில் வருகிறதாம்.

அடுத்தது மொழி. தலைவலி, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் எரிச்சல், மனசு பாரம், ராத்திரி கண்ணு மூட முடியல. நம் ஊர் அம்மாக்கள் மனநோயை இப்படித்தான் சொல்வார்கள். சிலர் "காத்துக் கருப்பு அண்டிருச்சு" என்பார்கள். ஆங்கிலத்தில் அறிகுறிகளைப் பட்டியலாக ஒப்பிக்கத் தெரிந்த பட்டதாரிக்கு இந்த வாக்கியங்களைக் கேட்டுப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை. பதிலுக்கு ஒரு கேள்வியைப் புண்படாமல் தமிழில் கேட்கத் தெரியவில்லை. "சாகணும்னு தோணுதாம்மா?" என்று ஒரு பெண்ணிடம் எப்போது, எந்தக் குரலில் கேட்பது என்பதற்கு ஒரு வகுப்புகூட நடப்பதில்லை. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை ஒருவர் நடுராத்திரியில் அழைத்தால் மறுமுனையில் வேண்டியது இந்தத் தமிழ்தான். தமிழ்ப் பாடம் ஒரு பக்கம், உளவியல் பாடம் ஒரு பக்கம் என்று ஓடுகின்றன. இரண்டும் சந்திக்கும் தாள் ஒன்று வேண்டும். தமிழில் விசாரித்து, தமிழிலேயே எழுதிய பத்து ஆள்விவரக் குறிப்புகள் இல்லாமல் பட்டம் கொடுக்கக் கூடாது என்பேன்.

இதெல்லாம் வெறும் பாடத்திட்டச் சண்டை என்று நினைக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. அவர்கள் ஊரில் கேட்க ஆள் இல்லை. அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசியக் கணக்கெடுப்பிலும், நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றுதான் வந்தது. ஆள் வேண்டும். அரைகுறை ஆள் வந்தால் மறுபடியும் சங்கிலிதான், இந்த முறை ரிப்போர்ட் வடிவத்தில்.

பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று தடுத்துவிட்டது. நான் அதை ஆதரிக்கிறேன். மனுஷ முகத்தைப் பார்க்காமல் மனசைப் படிக்க முடியாது. ஆனால் என் உறவிலேயே ஒரு மருமகள் கேட்டாள்: "மாமா, குழந்தையை வச்சுக்கிட்டு வீட்டிலிருந்து படிக்கலாம்னு இருந்தேன், இனி நான் எங்க போறது?" சரியான கேள்வி. கதவை அடைத்த அரசு, இன்னொரு கதவைத் திறந்திருக்க வேண்டும். அரசுக் கல்லூரிகளில் உளவியல் துறை இருப்பவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். மாவட்டத்துக்கு ஒரு அரசுக் கல்லூரியில் துறை தொடங்கி, அதை அந்த மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவோடு இணைத்துவிட்டால் பயிற்சிக்கும் இடம் ஆயிற்று, தனியார் பீஸுக்கும் கடிவாளம் ஆயிற்று. அதைச் செய்யாமல் தடை மட்டும் போட்டால் கிராமத்துப் பெண்ணுக்குப் படிப்பு இல்லை, காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் பட்டம்.

பெற்றோர்களே, அட்மிஷனுக்குப் போகும்போது இந்த ஐந்தைக் கேளுங்கள்.

1. ஆறு செமஸ்டர் பாடத்திட்டமும் அச்சில் கொடுங்கள். புள்ளியியலும் ஆய்வு முறையும் எத்தனை தாள்?

2. துறையில் எத்தனை நிரந்தர ஆசிரியர்கள்? அவர்கள் உளவியலிலேயே முதுகலை படித்தவர்களா?

3. ஆய்வுக்கூடத்தைக் காட்டுங்கள். பூட்டுச் சாவி தேட அரை மணி நேரம் ஆனால் அதுவே பதில்.

4. எந்த மருத்துவமனை, எந்தச் சிறப்புப் பள்ளியோடு பயிற்சி ஒப்பந்தம்? எத்தனை மணி நேரம்? உடன் இருந்து திருத்துவது யார்?

5. மூன்று வருஷத்துக்கு முன் முடித்தவர்களில் இரண்டு பேருடைய போன் எண்ணை அவர்கள் சம்மதத்தோடு கொடுங்கள்.

கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. சைக்காலஜி படிக்கும் பிள்ளையைப் பார்த்து "என் மனசுல என்ன இருக்கு சொல்லு பாப்போம்" என்று கேட்காதீர்கள். "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கப் போறியா, கல்யாணம் எப்படி ஆகும்" என்றும் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை எடுத்திருப்பது ஏழு வருஷப் பாதை. ஐந்தாம் வருஷத்தில் "இன்னுமா படிக்கிறே" என்று முகம் சுளிக்காமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

கல்லூரிகளில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் சிலர் பாடத்திட்டக் குழுவில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன். அடுத்த கூட்டத்தில் புள்ளியியல் தாளையும் தமிழ்ப் பயிற்சித் தாளையும் அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மறுத்தால் என்ன காரணம் சொன்னார்கள் என்று இங்கே வந்து சொல்லுங்கள்.

எதிர்க்கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். "சூப்பர் சார்", கும்பிடும் கை மட்டும் போடாதீர்கள். மேலே போட்ட 2700 மணி நேரக் கணக்கை உங்கள் கல்லூரி நேர அட்டவணையை வைத்துச் சரிபார்த்து, கூடுதலோ குறைவோ, கமெண்டில் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்