புயல் கூண்டு இல்லாத இன்ட்ராநெட்

மழைக்காலம் வந்துட்டா எங்க மண்டபத்துல எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "பாம்பன்ல கூண்டு ஏத்தியாச்சா?" 1-ஆம் எண் கூண்டுன்னா தூரத்துல எங்கயோ கடல் கெட்டுக்கிடக்குன்னு அர்த்தம். எண் 11 வரைக்கும் இருக்கு. நல்ல சேதி சொல்ற கூண்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அதனாலதான் மக்களே, அதுக்கு மதிப்பு.

இப்போ உங்க கம்பெனி இன்ட்ராநெட்டைத் திறந்து பாருங்க. மேலே தலைவர் சிரிச்சுக்கிட்டிருப்பார். கீழே பிறந்தநாள் வாழ்த்து, கோலப்போட்டி, 'நாமெல்லாம் ஒரே குடும்பம்'. நான் முன்னாடி ஆணி புடுங்கின ஒரு கம்பெனியில (பேர் வேணாமே) ஒரு டீமையே வீட்டுக்கு அனுப்பினாங்க. எங்களுக்கு அது தெரிஞ்சது டீக்கடையில. அன்னிக்கு இன்ட்ராநெட்டுல கோலப்போட்டி ரிசல்ட்! அடுத்த மாசம், "யாருமே லாகின் பண்றதில்லை"ன்னு எச்.ஆர். புலம்பல். அதுக்கு வைத்தியம்? புது சாப்ட்வேர், லைக் பட்டன், லாகின் பண்ணினா பாயிண்ட். அட தேவுடா!

கோளாறு சாப்ட்வேர்ல இல்லைங்க. நம்ம ஷிவ் நாடார் ஆரம்பிச்ச எச்.சி.எல்.லையே எடுத்துக்குங்க. 2005-ல எச்.சி.எல். டெக்னாலஜிஸ் பொறுப்புக்கு வந்த வினீத் நாயர், 'யூ அண்ட் ஐ'ன்னு ஒரு பக்கம் திறந்தார். யார் வேணா அவர்கிட்ட கேள்வி கேக்கலாம். கேள்வியும் பதிலும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். வந்ததுல முக்கால்வாசி குறைகள்தான். ஆனாலும் அதை அவர் மூடலை. தன்னைப் பத்தி ஊழியர்கள் போட்ட மதிப்பீட்டையும் இன்ட்ராநெட்டுல போட்டார். ஊழியர் குறை சொல்லி டிக்கெட் போட்டா, அதை மூடுற உரிமையும் அந்த ஊழியருக்குத்தான்.

அதனால அங்கே தேனும் பாலும் ஓடுச்சுன்னு நான் சொல்ல வரலை. கெட்ட சேதியை முதல்ல உள்ளே சொல்லணும், சங்கடமான கேள்வியை அழிக்காம பதில் போடணும், அவ்வளவுதான் சங்கதி. இதுக்கு லட்சக்கணக்குல செலவு பண்ண வேணாம். முதுகெலும்பு இருந்தாப் போதும்.

"எங்க கம்பெனியிலயும் பேர் சொல்லாமக் கேள்வி கேக்கலாமே"ன்னு சிலர் சொல்லுவாங்க. சரிங்க, ஆனா கேக்குறதுக்கு முன்னாடி எம்ப்ளாயி நம்பர் போட்டுத்தானே உள்ளே போகணும்? எவன் கேப்பான்?

புயல் வர்ற அன்னிக்கும் "கடல் அழகா இருக்கு"ன்னு போர்டு வச்சா, எங்க ஊர் ஆளுங்க அதுக்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டாங்க. உங்க ஊழியர்கள் மட்டும் பார்க்கணுமா?

டிஸ்கி: கோலத்துக்கு நான் எதிரி இல்லை. அந்தப் போட்டியில ஆறுதல் பரிசு எனக்குத்தான்!