உலகக் கிண்ண விமானமும் எங்கள் பொடியன்களும்

உலகக் கிண்ணம் வந்தால் சம்பூர், மூதூர்ப் பக்கம் ஆர்ஜென்டீனா, பிரேசில் கொடிகள் ஏறுவது வழக்கம். இப்போது விமானப் படங்களும் சேர்ந்துவிட்டன. 2022 போட்டிக்கு இரண்டு வருடம் இருக்கும்போதே கட்டார் எயார்வேஸ் ஒரு போயிங் 777 விமானத்துக்கு உலகக் கிண்ண வர்ணம் பூசியது. எமிரேட்ஸ் விமானத்தில் றியல் மட்ரிட் வீரர்கள், எதிஹாட்டில் மான்செஸ்டர் சிட்டி. எந்த விமானத்தில் எந்தக் கழகம் என்று பொடியன்கள் மூச்சுவிடாமல் சொல்வார்கள். பைதகரஸ் தேற்றத்தைக் கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள்.

ரசிக்கட்டும், நாங்களும் ரசிக்கிறோம். ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து அந்த விமானங்களில் ஏறுகிறவர் யார்? மேட்ச் பார்க்கப் போகிறவரா? வாப்பாமாரும் அப்பாமாரும் கட்டட வேலைக்கும் சாரதி வேலைக்கும் போகிறார்கள். தாய்மார் வீட்டு வேலைக்கு. 2006 இல் வீடு வாசலை விட்டு ஓடி, கந்தளாயிலும் கிளிவெட்டியிலும் முகாம்களில் கிடந்த குடும்பங்கள் பல தலைநிமிர்ந்தது அந்தச் சம்பளத்தில்தான். பிள்ளையின் காலில் இருக்கும் பூட்ஸும் அந்தக் காசுதான்.

போட்டி கட்டாருக்குக் கிடைத்தது 2010 இல். அதற்குப் பிந்திய பத்து வருடத்தில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், பங்களாதேஷ், இலங்கை நாட்டவர் 6,500 பேருக்கு மேல் அங்கே இறந்ததாக கார்டியன் பத்திரிகை 2021 இல் எழுதியது. எல்லாரும் மைதானம் கட்டியவர்கள் அல்லர். எல்லா விதமான மரணங்களும் சேர்ந்த கணக்கு அது. என்றாலும் சின்னத் தொகையா?

எங்களுக்குப் பிடித்த விமானம் வேறொன்று. 2014 இல் பிரேசில் அணியை ஏற்றிய கோல் நிறுவன விமானத்தில், ஓஸ் ஜெமியோஸ் என்ற இரட்டைச் சகோதரர்கள் வீரர்களை வரையவில்லை. சாதாரண மக்களின் முகங்களை வரைந்தார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. சாதாரண தரப் பெறுபேறு வருமுன்பே ஏஜென்ட்டைத் தேடும் பொடியன்கள் கூடிவிட்டார்கள். போக வேண்டாம் என்று தடுக்க எங்களால் ஏலாது, அந்த உரிமையும் இல்லை. ஆனால் வயரிங், வெல்டிங், பிளம்பிங் எதிலாவது என்.வி.கியூ. சான்றிதழை எடுத்துக்கொண்டு போகட்டும். வெறுங்கையோடு போனால் கூலி வேலைதான்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு, லீவில் வந்திருக்கும் வாப்பாமாரும் அப்பாமாரும் கட்டாயம் வாருங்கள். அங்கே வெல்டருக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று உங்கள் வாயால் பிள்ளைகள் கேட்கட்டும். நாங்கள் சொன்னால் ‘சேருக்கு என்ன தெரியும்’ என்கிறார்கள்.