ஸ்காட்லாந்துக் குலங்களும் அவற்றின் வாசகங்களும்

சென்ற இதழில் இந்தப் பகுதியில் ஸ்காட்லாந்தின் கட்டம் போட்ட கம்பளித் துணிகளைப் பற்றிச் சொல்லப்பட்டது. அந்தத் துணியில் கில்ட் உடுத்துபவர்கள் தொப்பியில் குத்திக்கொள்ளும் வெள்ளி வில்லையைப் பற்றியும் அன்பர்கள் அறிந்துகொள்வது நல்லது. வட்டமாகச் சுற்றிய ஒரு தோல்வார், அதில் ஒரு பக்கிள், நடுவே ஒரு விலங்கின் தலையோ வாளோ மரமோ இருக்கும். வாரின் மீது இரண்டு மூன்று சொற்களில் ஒரு வாசகம் பொறித்திருக்கும். திருமணங்களிலும் விழாக்களிலும் இதை அணிந்து நிற்பவரிடம் வாசகத்தின் பொருளைக் கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். சிலர் விழிப்பதும் உண்டு. வாசகம் லத்தீனிலோ கேலிக் மொழியிலோ பழைய பிரெஞ்சிலோ இருப்பதே காரணம்.

குலத்தைக் குறிக்கும் ‘கிளான்’ என்ற சொல்லுக்குக் கேலிக் மொழியில் பிள்ளைகள் என்று பொருள். குலத்தலைவர் தந்தை, குலத்தார் அவர் பிள்ளைகள் என்பது பழைய கருத்து. வில்லையில் உள்ள சின்னமும் வாசகமும் தலைவருக்கே உரியவை. வாரும் பக்கிளும் சூழ்ந்த சின்னத்தை அணிபவர், “நான் இன்ன தலைவரைச் சேர்ந்தவன்” என்று ஊருக்கு அறிவிக்கிறார். தலைவர் மட்டும் வார் இல்லாத வெறும் வளையத்துக்குள் தம் சின்னத்தை அணிவார்.

இதற்கெல்லாம் சட்டமும் உண்டு. எடின்பரோவில் லார்ட் லயன் என்ற அதிகாரியின் நீதிமன்றம் இருக்கிறது. 1672-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட பதிவேடு அங்கே இன்றும் தொடர்கிறது. இங்கிலாந்தில் ஒருவர் தம் வாசகத்தை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் வாசகமும் பதிவின் ஒரு பகுதி. அதை மாற்ற வேண்டுமானால் லயனிடம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். சொன்ன சொல்லை எளிதில் மாற்றிவிட முடியாது.

பல வாசகங்கள் ஏதோ ஒரு சம்பவத்தில் பிறந்தவை என்று அந்தந்தக் குலத்தார் சொல்வார்கள். ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டையில் வாழும் மக்லௌட் குலத்தின் வாசகம் ‘ஹோல்ட் ஃபாஸ்ட்’, அதாவது ‘இறுகப் பிடி’. 14-ஆம் நூற்றாண்டில் மால்கம் என்ற தலைவர் வழியில் எதிர்ப்பட்ட காட்டுக் காளையைக் கொம்பைப் பிடித்து அடக்கிக் கொன்றார் என்பது கதை. சின்னத்தில் காளையின் தலை இருக்கிறது. கோட்டையில் ஒரு கொம்பும் இருக்கிறது. அது நிறைய மதுவை ஊற்றி, வாயிலிருந்து எடுக்காமல் ஒரே மூச்சில் குடித்துக் காட்டுவது வாரிசுக்கு வைக்கும் சோதனை. கல்லீரலை நினைப்பவர்கள் ஏற்படுத்திய வழக்கமாக இது தெரியவில்லை!

லெஸ்லி குலத்தின் வாசகம் ‘கிரிப் ஃபாஸ்ட்’. இதற்கும் அதே பொருள்தான்; ஆனால் கதை வேறு. 11-ஆம் நூற்றாண்டில், பிற்காலத்தில் புனிதர் என்று போற்றப்பட்ட மார்கரெட் ராணி, பார்டல்ப் என்ற வீரரின் பின்னால் குதிரையில் அமர்ந்து வெள்ளத்தைக் கடந்தாராம். ராணி அவருடைய இடுப்பு வாரைப் பிடித்திருந்தார். “பக்கிள் தாங்குமா?” என்று ராணி கேட்க, “இறுகப் பிடியுங்கள்” என்றார் வீரர். லெஸ்லிகளின் கேடயத்தில் மூன்று பக்கிள்கள் இருப்பதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். ஒரு குலத்துக்கு இறுகப் பிடிப்பது என்றால் பகையை அடக்குவது. மற்றொன்றுக்கு நம்பி வந்தவரைக் கைவிடாதிருப்பது. கதை தெரியாவிட்டால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

எல்லா வாசகங்களும் அறநெறி போதிப்பவை என்று எண்ணிவிடக் கூடாது. 1306-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி டம்ஃப்ரீஸ் நகரத்து மாதாகோயிலில் ராபர்ட் புரூஸ் தம் போட்டியாளரான ஜான் காமினைக் கத்தியால் குத்தினார். வெளியே வந்து, “அவன் செத்திருப்பான் என்று நினைக்கிறேன்” என்றாராம். உடனிருந்த கிர்க்பாட்ரிக், “நான் நிச்சயப்படுத்திவிட்டு வருகிறேன்” என்று உள்ளே போனாராம். கிர்க்பாட்ரிக் குடும்பத்தின் சின்னம் இரத்தம் சொட்டும் கத்தி. வாசகம் ‘நான் நிச்சயப்படுத்துவேன்’. எல்லைப்புறத்துக் கிரான்ஸ்டன் குடும்பத்தாரின் வாசகம் ‘எனக்கு இல்லாமற் போகுமுன் உனக்கு இல்லாமற் போகும்’ என்பது. மாடு பிடிக்கும் கொள்ளைக்குப் பேர்போன பகுதி அது. இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னவர்கள் வேறெங்கும் இருப்பார்களா என்பது சந்தேகமே.

சில வாசகங்களைச் சரித்திரம் சோதித்துப் பார்த்திருக்கிறது. ‘என் குலம் அரச குலம்’ என்பது மக்கிரெகர்களின் வாசகம். இதைக் கேலிக் மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1603-இல் கிளென் ஃப்ரூன் என்ற இடத்தில் நடந்த சண்டைக்குப் பிறகு, ஆறாம் ஜேம்ஸ் அரசர் அந்தக் குலத்தின் பெயரையே தடை செய்தார். மக்கிரெகர் என்று சொல்லிக்கொள்பவருக்கு மரண தண்டனை. தந்தை பெயரை மகன் உச்சரிக்க முடியாத நிலை. அவர்கள் கிரகாம், மரே, டிரம்மண்ட் என்று பிறர் பெயர்களை வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். புகழ்பெற்ற ராப் ராய்கூடத் தாயாரின் குலப்பெயரான காம்பெல் என்பதைப் பயன்படுத்தினார். இடையில் சில ஆண்டுகள் தடை நீங்கி மறுபடி வந்தது. முற்றிலும் நீங்கியது 1774-இல். ஏறத்தாழ 170 ஆண்டுகள் பெயரையே மறைத்து வாழ்ந்தவர்கள் ‘என் குலம் அரச குலம்’ என்பதை விடாமல் காப்பாற்றினார்கள். அரசரே அழிக்க நினைத்த குலம் என்பதை எண்ணும்போது அந்த வாசகத்தின் கனம் விளங்கும்.

காம்பெல்களின் வாசகம் லத்தீனில் ‘நே ஒப்லிவிஸ்காரிஸ்’. ‘மறவாதே’ என்று பொருள். 1692 பிப்ரவரி 13-ஆம் தேதி அதிகாலை, கிளென்கோ பள்ளத்தாக்கில் மக்டொனால்ட்கள் படுகொலை செய்யப்பட்டார்கள். கொன்றவர்கள் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் அவர்கள் வீட்டிலேயே தங்கி அவர்கள் உணவையே உண்ட அரசாங்கச் சிப்பாய்கள். படைக்குத் தலைமை தாங்கியவர் கிளென்லயனைச் சேர்ந்த கேப்டன் ராபர்ட் காம்பெல். கொல்லப்பட்டவர்கள் 38 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பனியில் ஓடி உயிர்விட்டவர்கள் அதற்கு மேல். உத்தரவிட்டது அரசாங்கம் என்றாலும் பழி காம்பெல் பெயர் மீதே விழுந்தது. ‘மறவாதே’ என்று வில்லையில் பொறித்துக்கொண்டவர்கள் காம்பெல்கள். பொறித்துக்கொள்ளாமலே மறவாதிருப்பவர்கள் மக்டொனால்ட்கள்.

வாசகம் கொடுத்த வாக்கைத் தலைவரே காப்பாற்றாவிட்டால் என்ன ஆகும்? இதற்குச் சதர்லண்ட் குலமே சாட்சி. அவர்கள் வாசகம் பிரெஞ்சில் ‘சான் பேர்’, அதாவது ‘அச்சமின்றி’. 1746-இல் கலோடன் போரில் மலைநாட்டுப் படை தோற்றபின் குலத்தலைவர்கள் மெல்ல மெல்ல வெறும் நிலச்சுவான்தார்களாக மாறினார்கள். குத்தகையை விட ஆட்டு மந்தை அதிக வருமானம் தந்தது. 19-ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் சதர்லண்ட் சீமாட்டியும் அவர் கணவரும் தங்கள் நிலத்தில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடிகளை வெளியேற்றினார்கள். 1814-இல் ஸ்டிராத்நேவர் பள்ளத்தாக்கில் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அதன் தொடர்பாக பாட்ரிக் செல்லர் என்ற அவர்களுடைய காரியஸ்தர் மீது 1816-இல் வழக்கு நடந்தது, அவர் விடுதலையானார். ‘பிள்ளைகள்’ என்று பெயர் பெற்றவர்களைத் தந்தையின் இடத்தில் இருந்தவர்களே விரட்டினார்கள். அச்சமின்றி வாழ வேண்டியது யார் என்ற கேள்விக்கு அந்த வாசகத்தில் விடை இல்லை.

கில்டோனன் என்ற ஊரிலிருந்து போனவர்களில் சிலர் 1813-இல் கனடாவின் ரெட் ரிவர் பகுதிக்குப் புறப்பட்டார்கள். இன்றைய வின்னிபெக் நகரம் வளர்ந்தது அங்கேதான். நகரின் ஒரு பகுதிக்குக் கில்டோனன் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஹெல்ம்ஸ்டேல் ஊரில் 2007-இல் திறந்த சிலை ஒன்று இவர்களை நினைவூட்டுகிறது. அதன் பிரதி வின்னிபெக்கில் இருக்கிறது. கணவன் முன்னே பார்க்கிறான். கைக்குழந்தையோடு மனைவி விட்டுவந்த ஊரைத் திரும்பிப் பார்க்கிறாள். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் குலச் சங்கங்கள் நடத்தி, பேரப்பிள்ளைகளுக்கு வாசகத்தின் பொருளைச் சொல்லிக் கொடுப்பவர்கள் இப்படிப் போனவர்களின் சந்ததியார்தாம். நிலம் போனது, மொழியும் பலருக்குப் போனது. வாசகத்தையும் அதன் கதையையும் அவர்கள் கைவிடவில்லை.

ஊரை விட்டுப் போனவர்கள் எல்லோரும் விரட்டப்பட்டவர்கள் அல்லர். மக்கென்சி குலத்தின் வாசகம் ‘லூகேயோ நோன் ஊரோ’, அதாவது ‘ஒளிர்கிறேன், எரிப்பதில்லை’. லூயிஸ் தீவின் ஸ்டார்னவே ஊரில் 1754-இல் பிறந்த காலின் மக்கென்சி, 1783-இல் சென்னைக்கு வந்தார். 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். தென்னாட்டில் அவர் தம் உதவியாளர்களைக் கொண்டு திரட்டிய ஓலைச்சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் ஊர் வரலாறுகளும் ஏராளம். அவற்றில் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இன்றும் இருக்கிறது. கம்பெனிப் படையில் உத்தியோகம் பார்த்தவர்தான் என்றாலும், அந்தச் சேகரிப்பைப் பார்க்கும்போது குலத்தின் வாசகம் நினைவுக்கு வராமற் போகாது.

கடைசியாக மக்மில்லன் குலம். அவர்கள் சின்னத்தில் இரண்டு கைகள் பெரிய வாளொன்றை ஓங்கிப் பிடித்திருக்கின்றன. கீழே உள்ள லத்தீன் வாசகத்தின் பொருளோ ‘துன்பப்படுவோருக்கு உதவக் கற்றுக்கொள்கிறேன்’ என்பது. ‘உதவுகிறேன்’ என்று அவர்கள் எழுதவில்லை. ‘கற்றுக்கொள்கிறேன்’ என்றே எழுதியிருக்கிறார்கள். பிணியாளர் படுக்கையருகே நாற்பது ஆண்டுகள் நின்றவரும் அந்தச் சொல்லைத் திருத்த மாட்டார்.

அடுத்த முறை தொப்பியில் வெள்ளி வில்லை அணிந்த ஒருவரைச் சந்திக்கும் அன்பர்கள் பொருளைக் கேட்பதோடு நிறுத்தாமல் கதையையும் கேட்டு வைக்கலாம். சொல்பவருக்கும் மகிழ்ச்சி, அருகில் நிற்கும் அவர் பிள்ளைகள் அந்தக் கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்பவர்களாகவும் இருக்கலாம்.