லூஸ்ல அரைக் கிலோ!

காந்திபுரத்தில் ஒரு கடை. பெயர் வேண்டாம். நீங்கள் எந்த ஊரில் இருந்து படித்தாலும், உங்கள் தெருமுனையில் இருக்கிற செல்லப் பிராணிகள் கடையும் ஏறக்குறைய இதே கடைதான். வாசலில் தோரணமாகக் கழுத்துப்பட்டையும் சங்கிலியும். உள்ளே ரப்பர் எலும்பு, ஷாம்பு, நாய்க்குட்டிக்குப் பிறந்த நாள் தொப்பி, கூடவே ஸ்வெட்டர். (கோயம்புத்தூரில் மார்கழியில் பத்து நாள் குளிருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரோமத்தோடு பிறந்த ஜீவனுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.) கல்லாவுக்குப் பக்கத்தில், வாயைப் பிளந்தபடி நாலு மூட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் மக்.

"அரைக் கிலோ போடுங்க."

"சிக்கனுங்களா, முட்டைங்களா?"

மக் உள்ளே போகும். கலகலவென்று தராசில் விழும். வெள்ளைக் கவரில் கொட்டி ஒரு முடிச்சு. பணம் கொடுத்தால் முடிந்தது வியாபாரம். மூன்று வருஷம் நானும் இப்படித்தான் வாங்கினேன்.

எங்கள் வீட்டு மணி ராஜபாளையம் இல்லை, சிப்பிப்பாறையும் இல்லை. கணபதி பஸ் ஸ்டாப் ஜாதி. ஒரு மழை நாளில் என் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே வந்து வீட்டுக்குள் நுழைந்தவன். போன ஐப்பசியில் இரண்டு நாள் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தான். வாந்தி வேறு. மூன்றாம் நாள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார்.

"மஞ்சள் ஓடியிருக்குதுங்க. லிவர். என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

பிராண்ட் பெயரைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"கவர் இருக்குதுங்களா? பேட்ச் நம்பர் பார்க்கணும்."

என்னிடம் இருந்தது முடிச்சுப் போட்ட வெள்ளைக் கவர். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட அதே கேரி பேக். அதில் பேட்ச் நம்பர் இல்லை, தேதி இல்லை, கம்பெனி பெயரும் இல்லை. கடையில் கொடுத்த பில்லாவது உண்டா? அதுவும் இல்லை. நான் படித்தது பி.காம். வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் செலவு எழுதினாலும் எங்கள் அக்கவுன்டன்சி வாத்தியார் நோட்டைத் தூக்கி எறிவார். அந்த மாணவன் மூன்று வருஷமாக, வாயில்லாத ஒரு ஜீவனின் சாப்பாட்டை வவுச்சர் இல்லாமலே வாங்கியிருக்கிறேன்.

மணி பிழைத்துக்கொண்டான். எட்டு நாள் டிரிப்ஸ். மொத்தச் செலவை வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. காரணம் அந்தச் சாப்பாடுதானா? தெரியாது. எலிக்காய்ச்சலாக இருக்கலாம், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், தெருவில் எதையாவது தின்றிருக்கலாம் என்றார் டாக்டர். ஆகவே கடைக்காரரைக் குற்றவாளி என்று நான் சொல்ல முடியாது. அவர் நிரபராதி என்று அவராலும் நிரூபிக்க முடியாது. இரண்டு பேருக்கும் இருந்த ஒரே சாட்சி, மூட்டையைப் பிரித்த அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்ட அந்தப் பிளாஸ்டிக் உறை.

'நாய் சாப்பாட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா' என்று நீங்கள் பக்கத்தைத் திருப்புவதற்குள் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

இந்த உருண்டைகளில் பெரும்பாலானவற்றில் தானியம்தான் அதிகம். மக்காச்சோளம், அரிசி, கோதுமை, அதோடு இறைச்சித் தூள். மேலே கொழுப்பைத் தெளித்திருப்பார்கள். நாய் மூக்கை நுழைத்து ஓடி வருவது அந்த வாசனைக்குத்தான். மக்காச்சோளத்தில் ஈரம் ஏறினால் ஒருவகைப் பூஞ்சை பிடிக்கும். அது சுரக்கும் விஷத்தின் பெயர் அஃப்ளடாக்சின். நேராக ஈரலைத் தாக்கும். தொழிற்சாலைச் சூட்டிலும் முழுசாக அழியாது. கண்ணுக்கும் தெரியாது.

2020 டிசம்பர் 30-ம் தேதி அமெரிக்காவில் மிட்வெஸ்டர்ன் பெட் ஃபுட்ஸ் என்ற கம்பெனி தன் நாய் உணவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. காரணம் இதே விஷம். 2021 ஜனவரி 21 வரை, இறந்ததாகப் புகார் வந்த நாய்கள் மட்டும் 110-க்கு மேல். நோயுற்றவை 210-க்கு மேல். எல்லாமே பரிசோதனையில் உறுதியானவை அல்ல, ஆனாலும் அரசாங்கம் காத்திருக்கவில்லை. எந்தப் பையைத் தூக்கி எறிய வேண்டும் என்று மக்களுக்கு எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? பையின் மேல் உள்ள குறியீட்டில் '05' இருக்கிறதா, காலாவதித் தேதி 2022 ஜூலை 9 அல்லது அதற்கு முன்னால் இருக்கிறதா, பாருங்கள் என்றார்கள். ஜனங்கள் பார்த்தார்கள், எறிந்தார்கள். நாளைக்கு இங்கே அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், நீங்களும் நானும் எதைப் பார்ப்பது? முடிச்சையா?

கொங்கு நாட்டுக்காரனுக்கு அஃப்ளடாக்சினைப் பற்றி நான் பாடம் எடுப்பது அபத்தம். பல்லடத்திலும் உடுமலையிலும் நாமக்கல்லிலும் கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மக்காச்சோள லாரி வந்து நின்றால் முதலில் ஈரம் பார்ப்பார்கள். 14 சதவிகிதத்தைத் தாண்டினால் முகம் சுளிப்பார்கள், விலையைக் குறைப்பார்கள், லாரியைத் திருப்பியே அனுப்புவார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைச் சோதிப்பதற்கென்றே ஆய்வுக்கூடம் இருக்கிறது. நாற்பது நாளில் குழம்புக்குப் போகிற கோழிக்கு இத்தனை ஜாக்கிரதை. பத்துப் பன்னிரண்டு வருஷம் நம் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கப் போகிறவனுக்கு, வாய் திறந்த மூட்டையும் ஒரு மக்கும்!

அந்தக் கடை ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்குகிறது. அதற்கப்புறம் மூட்டைக்கு யார் காவல்? காந்திபுரத்து எலிகளை நான் அறிவேன். கிராஸ்கட் ரோட்டில் ஜவுளிக்கடைகள் மூடின பிறகு நடந்து பார்த்தால் நீங்களும் அறிவீர்கள். எலி மூத்திரத்தில் பரவுவதுதான் எலிக்காய்ச்சல். நாய்க்கு வரும், நாயிடமிருந்து மனுஷனுக்கும் வரலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் அடிக்கிற ஆடி மாதத்தில், திறந்த மூட்டை காற்றிலுள்ள ஈரத்தையும் சேர்த்துக் குடிக்கும். மேலே தெளித்த கொழுப்பு சிக்கெடுத்துவிடும். பிரித்தால் ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள் என்பதுதான் பொதுவான அறிவுரை. அந்த 20 கிலோ மூட்டை என்றைக்குப் பிரித்தது? கடைப் பையனுக்கே தெரியாது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் வேடிக்கை.

2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதன் தின்பதற்கு மட்டும். விலங்குத் தீவனம் அதில் சேராது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அழுகின மீனைப் பினாயில் ஊற்றி அழிக்கிற அதிகாரி, இந்த மூட்டையைத் தாண்டிப் போக வேண்டியதுதான். 2018-ல் மத்திய அரசு செல்லப் பிராணிக் கடைகளுக்கென்றே விதிகள் கொண்டுவந்தது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, பதிவேடு வைக்க வேண்டும். நல்ல விதிகள். ஆனால் அவை உயிருள்ள பிராணிகளை விற்கிற கடைகளுக்கு. வெறும் சாப்பாடும் சங்கிலியும் விற்கிற கடை அந்த வரையறைக்குள் வராது. நாய், பூனை உணவுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு தரத்தை எழுதி வைத்திருக்கிறது. அது கம்பெனிகள் விரும்பினால் பின்பற்ற.

அதே சமயம் ஜி.எஸ்.டி. போடும்போது மட்டும் யாரும் மறக்கவில்லை. மாட்டுத் தீவனத்துக்கு வரி கிடையாது என்று விட்டவர்கள், நாய், பூனை உணவுக்கு 18 சதவிகிதம் போட்டார்கள். வரி வாங்குவதற்கு அது பொருள். தரம் பார்ப்பதற்கு அது ஒன்றுமே இல்லை.

மிஞ்சியிருப்பது, பாக்கெட்டில் அடைத்த பொருட்களுக்கான எடையளவு விதிகள். எடை, எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், வருஷம், கம்பெனி முகவரி, புகார் சொல்ல ஒரு நம்பர் எல்லாம் உறைமேல் அச்சாகியிருக்க வேண்டும். நமக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு அந்த நாலு வரி அச்சுதான். லூஸில் அளக்கிற அந்த நிமிஷம் அதுவும் போய்விடுகிறது.

கடைக்காரர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அவரிடம் கேட்டேன். "மூணு கிலோ பாக்கெட் வாங்கறதுக்கு எல்லாருகிட்டயும் காசு இருக்குதுங்களா? வாட்ச்மேன் வர்றாரு, ஆட்டோக்காரர் வர்றாரு. அம்பது ரூபாய்க்குக் குடுங்கறாங்க. நான் இல்லைன்னு சொல்றதுங்களா?" வாஸ்தவம். அம்பது ரூபாய்க்கு நாய்ச் சாப்பாடு வாங்குகிற ஆட்டோக்காரர், ஸ்வெட்டர் வாங்குகிறவரைவிட என் கணக்கில் பெரிய மனுஷர். சின்ன பாக்கெட்டை வாங்கி கிலோவுக்கு விலை போட்டுப் பார்த்தால், பெரிய மூட்டையைவிட நிறையவே கூட. இதில் கம்பெனிகளையும் சும்மா விடக் கூடாது.

அதனால் லூஸ் விற்காதே என்று நான் கொடி பிடிக்கவில்லை. விற்கட்டும். மூட்டையை மூடி போட்ட டப்பாவுக்குள் உறையோடு இறக்கி வைக்கட்டும். பிரித்த தேதியை அதன்மேல் எழுதட்டும். அரைக் கிலோ வாங்கினாலும் ஒரு துண்டுச் சீட்டில் பிராண்ட், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி மூன்றையும் எழுதித் தரட்டும். இதற்கு ஏ.சி. வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு பால்பாயின்ட் பேனா போதும்.

பேனா விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சில கடைகளில் பேனா வேறு வேலை பார்க்கிறது. நாய்க்கு என்ன என்று கேட்டு, கடைக்காரரே மருந்து எழுதுகிறார். 'உண்ணியா? இதைப் போடுங்க, ரெண்டே நாள்.' நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற ரசாயனம் இருக்கும். அதைப் பூனைக்குப் போட்டால் வலிப்பு வரும், சாகவும் சாகும். ஐவர்மெக்டின் பல நாய்களுக்கு மருந்து, கோலி ஜாதி நாய்களில் பலவற்றுக்கு விஷம். நாம் தலைவலிக்குப் போடுகிற பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். 1940-ம் வருஷத்து மருந்துச் சட்டம், மருந்து என்றால் மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் ஆனது என்றே சொல்கிறது. விற்க உரிமம் வேண்டும். பல மருந்துகளுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். கல்லாவில் உட்கார்ந்தவரிடம் நான் எதிர்பார்ப்பது மருந்துப் பெயர் அல்ல. "எனக்குத் தெரியாதுங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்ற ஒரு வாக்கியம்.

இந்தக் கடைகள் இப்போது அழுகின்றன. ஆன்லைன்காரன் பாதி வியாபாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், மீதியைப் பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து கொடுக்கிறவன் தின்கிறான் என்று. உண்மைதான். ஆனால் தள்ளுபடியில் அவனோடு போட்டி போட முடியாது என்பது முதல் வருஷ பி.காம். மாணவனுக்கே தெரியும். தெருமுனைக் கடையிடம் இருப்பது ஒன்றுதான். நம் வீட்டு நாயின் பெயர் அதற்குத் தெரியும். 'மணிக்கு வயித்தால போச்சுன்னீங்களே, நின்னுதுங்களா?' என்று எந்த ஆப்பும் கேட்காது. அந்த உரிமையை வைத்துக்கொண்டு, தேதி தெரியாத சாப்பாட்டை அள்ளிப் போடுகிறாரே என்பதுதான் என் கோபம்.

அப்புறம் நாம். இருபது ரூபாய் குறையுமா, கூட ஒரு பந்து ஃப்ரீயாகக் கிடைக்குமா என்று கேட்கிற நாம், தேதி என்ன என்று கேட்பதில்லை. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிற அம்மாக்கள்கூட மூட்டையைத் திருப்பச் சொல்வதில்லை. பில் கொடுக்காமல் இருப்பதும், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் 2019-ம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் வேறு கெடு போடவில்லையென்றால், திரும்பக் கொடுக்க 30 நாள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடை என்றால், 200 ரூபாய்க்குக் குறைவான சரக்குக்குக்கூட நீங்கள் கேட்டால் பில் தந்தே ஆக வேண்டும். கேட்டால். அந்த ஒரு வார்த்தையில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

போன வாரம் கணபதியிலிருந்து நூறடி ரோடு வரை ஐந்து கடை ஏறி இறங்கினேன். ஐந்திலும் அரைக் கிலோ கேட்டேன். ஐந்திலும் பேட்ச் நம்பரோடு பில் கேட்டேன். ஒருவர் என்னை அதிகாரி என்று நினைத்து மூட்டையை உள்ளே தள்ளினார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், "வேணும்னா பாக்கெட் வாங்கிக்குங்க சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐந்தாவது கடையில் ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூட்டையைத் திருப்பினார். மேல் ஓரத்தைக் கத்தரித்தபோது தேதி அச்சடித்த துண்டு அதோடு போயிருந்தது. குனிந்து குப்பைக் கூடையைக் கிளறி, அந்தத் துண்டைக் கண்டுபிடித்தார். ஸ்டேப்ளரை எடுத்து மூட்டையின் வாயிலேயே குத்தினார். பிறகு ஒரு சீட்டில் நம்பரைப் பார்த்துப் பார்த்து எழுதிக் கொடுத்தார்.

"இத்தனை வருசத்துல யாருமே கேக்கலீங்க தம்பி" என்றார்.

மணிக்கு இப்போது அங்கேதான் வாங்குகிறேன்.