வீட்டு வரி ரசீது பட்டா ஆகாது!

"பாருங்கண்ணே, இருபது வருஷமா வீட்டு வரி கட்டியிருக்கு. நகராட்சியே ஒத்துக்கிச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?"

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் மனை தேடிப் போகிறவரிடம் ஒரு புரோக்கர் இப்படிப் பேசினால், உடனே உஷாராகிவிட வேண்டும்!

தொழிற்பேட்டையும் லாரி முனையமும் உள்ள பகுதி அது. ஷிப்டு வேலை பார்ப்பவர், லாரி டிரைவர், பெட்டிக்கடைக்காரர் என்று வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பணம் சேர்த்தவர்கள்தான் அங்கே மனை வாங்க வருகிறார்கள். ரசீதில் உள்ள நகராட்சி முத்திரையைப் பார்த்ததும் அட்வான்சை நீட்டிவிட்டால், போச்சு!

எதற்குச் சாட்சி?

வீட்டு வரி ரசீது, வரி கட்டியதற்கு மட்டும்தான் சாட்சி. சொத்து யாருடையது என்பதற்குச் சாட்சி ஆகாது. ரோடு, சாக்கடை, தெரு விளக்குக்கு நகராட்சிக்குப் பணம் வேண்டும், வசூலிக்கிறது. அவ்வளவுதான்.

வருவாய்த்துறைப் பதிவேட்டில் பெயர் மாறிவிட்டதால் மட்டும் நிலத்தில் உரிமை வந்துவிடாது, இருக்கும் உரிமை போய்விடவும் செய்யாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-லேயே சொல்லிவிட்டது. பதிவேட்டுக்கே அந்தக் கதி என்றால் ரசீது எந்த மூலைக்கு?

ரெயின்போ நகரில் காமாட்சி அம்மன் கோவில் நிலத்தைப் போலிப் பத்திரம் போட்டு விற்றதாக எழுந்த வழக்கை புதுச்சேரி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். சி.பி.சி.ஐ.டி. போலீசார் விசாரித்த வழக்கு அது. பதிவான பத்திரத்திலேயே வில்லங்கம் வருகிற காலத்தில், வெறும் ரசீதை நம்பி லட்சக்கணக்கில் கொடுக்கலாமா?

"பாதியாக்கித் தர்றேன்"

இன்னொரு வகை உண்டு. "கையில ரெண்டாயிரம் கொடுங்க, வரியைப் பாதியாக்கித் தர்றேன்" என்பார்கள். கடையை வீடு என்று எழுதி, மாடியை மறைத்துக் காட்டுவதுதான் இந்த வித்தை! பொதுவாகக் கட்டடத்தின் பரப்பு, தன்மை, இருக்கும் இடம், குடியிருப்பா வியாபாரமா என்பதைப் பார்த்தே வரி போடுகிறார்கள். பிறகு அதிகாரி அளந்து பார்த்தால் பாக்கி முழுவதும் சொந்தக்காரர் தலையில்தான் விழும். புரோக்கர் அப்போது இருக்க மாட்டார்.

வரி அதிகம் என்று தோன்றினால் நகராட்சியில் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்கலாம். அதற்கு இடையில் ஆள் எதற்கு?

இப்போது செல்போனிலும் வலை வீசுகிறார்கள். "இன்று ராத்திரி கரண்ட் கட்" என்று மிரட்டிப் பணம் பறித்த கும்பல்களைப் பார்த்தாயிற்று. வரி பாக்கி என்று லிங்க் வந்தாலும் தொடக்கூடாது. அரசு இணையதளத்தின் முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

நகராட்சி என்ன செய்கிறது?

மக்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. புதுச்சேரியில் நகராட்சி என்பது 1880-ல் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே வந்துவிட்டது. ஆனால் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல்தான்! அந்தப் பதவிக்காலமும் 2011-ல் முடிந்தது. அதன்பின் வருஷக்கணக்கில் கவுன்சிலர் இல்லை. சந்தேகம் கேட்க வார்டில் ஆள் இல்லை என்றால் ஜனங்கள் யாரிடம் போவார்கள்? புரோக்கரிடம்தான்!

உழவர்கரை நகராட்சி இரண்டு காரியம் செய்தால் போதும். "இது சொத்துரிமைச் சான்று அல்ல" என்று ஒவ்வொரு ரசீதிலும் கொட்டை எழுத்தில் அச்சடிக்கட்டும். வரி எப்படிப் போடப்படுகிறது என்று தெருமுனையில் தமிழில் போர்டு வைக்கட்டும். பாதி புரோக்கர்களுக்குப் பிழைப்பு போய்விடும்.

மனை வாங்குகிறவர்கள் தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. பிரெஞ்சு மொழியில் உள்ள பழைய பத்திரம் என்றால், மொழி தெரிந்த வக்கீலிடம் படித்துக் கேட்க வேண்டும். வரியை நேரில் கட்டி, கையோடு ரசீது வாங்க வேண்டும்.

ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டியதுதான். ஆனால் ரசீதே பத்திரம் ஆகிவிடாது!