இடிப்பதா? காப்பதா?

சென்னைப் பெரம்பூரில் 1876-இல் எழுந்த பக்கிங்ஹாம் ஆலை 1996-இல் மூடப்பட்டது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமான அவ்விடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துள்ளன. வீடு வேண்டாமென நாங்கள் கூறவில்லை. வீடின்றித் தவிப்போர் பலர். ஆயினும், "பாட்டனார் பாடுபட்ட இடம் இது" எனப் பேரப்பிள்ளைக்குக் காட்ட ஒரு சுவராவது நிற்க வேண்டாமா?

இராஜாக்கமங்கலத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் நம் மாவட்டத்தையே சான்று காட்டுவோம். மார்த்தாண்டவர்மர் காலத்தில் பீரங்கி வார்த்த உதயகிரிக் கோட்டையில் இன்று பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது. மதிலும் நிற்கிறது, டிலனாய் கல்லறையும் நிற்கிறது, மரங்களும் நிழல் தருகின்றன. இலண்டனில் 1981-இல் மூடிய மின்நிலையம் 2000-இல் ஓவியக்கூடமாயிற்று.

ஆகவே, பாழிடம் பயன்படட்டும். ஆனால் எதைக் காப்பது என்பதை இடிக்குமுன் முடிவு செய்வோம். சுவர் இருந்தால்தானே சித்திரம்!

— பத்தாம் வகுப்பு மாணவி