நூற்றில் எத்தனை பேர் என்று கேளுங்கள்

“பக்கத்து வீட்டாருக்கு இந்த மருந்து பயன்படவில்லையே; எங்களுக்கு மட்டும் எப்படிக் குணமாகும்?” என்று நோயாளரின் உறவினர் பலர் நம்மிடம் கேட்கின்றனர். அவர்களது அச்சம் இயல்பானதே. ஆயினும் ஒருவரின் அனுபவத்தை மட்டும் கொண்டு சிகிச்சையைக் கைவிடுவது தகாது என்பது நம் கருத்து. பட்டு நெய்யும் இவ்வட்டாரத்தில், ஓரிழை அறுந்ததென்று பாவு முழுவதையும் எவரும் ஒதுக்குவதில்லை.

நம் ஊரின் பெயரையே கொண்ட சென்னைச் சேத்துப்பட்டில் இயங்கிவரும் காசநோய் ஆய்வு நிறுவனம் 1956ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. காசநோயாளர் சானடோரியத்தில் தங்கினால்தான் நலம் பெறுவர் என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். அந்நம்பிக்கையை இந்நிறுவனத்தார் சோதித்தனர். 193 நோயாளரில் யாருக்கு வீட்டில் சிகிச்சை, யாருக்குச் சானடோரியத்தில் என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. மருத்துவர்களே பிரித்திருந்தால், நோய் முற்றியவர்கள் ஒரு பக்கமே சேர்ந்திருக்கக்கூடும். அப்போது ஒப்பீடு பொய்த்துப்போகும்.

இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகளே தரப்பட்டன. ஓராண்டு முடிவில் கிருமி அடங்கியோர் வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86 பேர். சானடோரியப் பிரிவில் 92 பேர். பிரிவுக்கு ஏறத்தாழ 80 பேரே கணக்கில் வந்தமையால், இவ்வேறுபாடு உண்மையில் ஐந்து பேர் அளவினதே. இவ்வளவு வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடும். வீட்டில் உடனிருந்தோருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. இன்று காசநோயாளர் பெரும்பாலோர் குடும்பத்தைப் பிரியாமல் வீட்டிலிருந்தே மருந்துண்பதற்கு இந்தக் கணக்கு வழி வகுத்தது.

நூற்றுக்கு 86 என்பது உறுதிமொழியன்று, சோதிடமும் அன்று. எஞ்சிய 14 பேரில் நம்மவர் ஒருவராவாரா என்பதை எந்த எண்ணும் முன்கூட்டிச் சொல்லாது. ஆனால் அது ஓராண்டுக் காலச் சிகிச்சைக்குரிய எண். இருமல் நின்றதும் இடையில் மருந்தை நிறுத்துபவர் அந்த 86இன் நம்பிக்கையைத் தமக்குரியதாகக் கொள்ள இயலாது.

ஆகவே மருத்துவரிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். எம்மைப் போன்ற நோயாளர் நூற்றில் எத்தனை பேர் நலம் பெறுகின்றனர்? எவ்வளவு காலத்தில்? இச்சிகிச்சை பெறாவிடில் எத்தனை பேர்? மூன்றாம் வினாவை மறந்துவிடாதீர்கள். ஒப்பிட மற்றோர் எண் இல்லாதவிடத்து முதல் எண்ணால் பயன் குறைவு.

இவ்வாறு கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது. எளிய சொற்களில் விடையளிப்பது மருத்துவமனையின் கடமை. கேட்டுத் தெளிந்தபின் முடிவெடுப்பது உங்கள் உரிமை.